பையர் ஊர்ச் சட்டமும் நம்மூர்ச் சட்டமும்: ஒப்பிட்டுப் படிக்கத் தொடங்குவோருக்கு

திருப்பூரில் வக்கீலான என் மேஜைக்கு வரும் காகிதங்களில் பாதிக்கு மேல், பையர்கள், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டர்கள்தான். முதல் பக்கத்தில் ஸ்டைல் நம்பர், கலர், ஜிஎஸ்எம், ஷிப்மென்ட் தேதி எல்லாம் இருக்கும். பனியன் கம்பெனிக்காரர்களுக்கு அது மனப்பாடம். அதற்குப் பின்னால் பொடி எழுத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கம் நிபந்தனைகள் வரும். அவற்றைப் புரட்டுபவர்கள் குறைவு. அதில் எங்கோ ஒரு வரி: ‘இந்த ஒப்பந்தம் ஜெர்மன் சட்டத்துக்கு உட்பட்டது.’ சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து பணமும் வந்துவிட்டால் அந்த வரிக்கு வேலையே இல்லை. ஏதாவது சிக்கல் வந்தால், பணம் யாருக்கு என்பதை அந்த வரிதான் முடிவு செய்யும்.

அந்த வரியைப் படித்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் இளம் வக்கீல்களுக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சன்டைசராக இருப்பவர்களுக்கும் பயன்படும். ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலான ஒப்பந்தம், சொத்து, நட்டஈடு, வாரிசுரிமை போன்றவற்றைத்தான் தனியார் சட்டம் என்கிறோம். நாட்டுக்கு நாடு இது எப்படி மாறுகிறது என்று பார்ப்பது பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு. நம் ஊரில் அது அன்றாடப் பிழைப்பு. திருப்பூர் பனியனானாலும் கரூர் படுக்கை விரிப்பானாலும் பொள்ளாச்சி தென்னை நாரானாலும் கோவை பம்ப்செட்டானாலும், நாட்டின் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு சரக்கோடும் இரண்டு சட்டங்கள் கூடவே போகின்றன.

1. சிக்கலைச் சட்டச் சொல் இல்லாமல் எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சட்டப் புத்தகத்தின் தலைப்பிலிருந்து தொடங்குகிறார்கள். ‘நம் சட்டத்தில் கன்சிடரேஷன் (வாக்குக்கு ஈடாகக் கிடைக்கும் பதில் பயன்) இருக்கிறது, ஜெர்மன் சட்டத்தில் அது என்ன பெயரில் இருக்கிறது?’ என்று தேடுவார்கள். அந்தப் பெயரில் அங்கே எதுவும் கிடைக்காது. உடனே ‘ஜெர்மன் சட்டத்தில் கன்சிடரேஷன் கிடையாது’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். எழுதியது சரிதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் நடக்காது.

கேள்வியை மாற்றிப் பாருங்கள். கல்யாண வீட்டில் தாய்மாமன் நாலு பேர் முன்னால் ‘என் மருமகளுக்குப் பத்து பவுன் போடுகிறேன்’ என்கிறார். பிறகு போடவில்லை. அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போய் அதை வாங்க முடியுமா?

இந்தியாவில், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, பதில் பயன் இல்லாத வெறும் வாக்குச் செல்லாது. நெருங்கிய உறவினர் அன்பினால் கொடுப்பதை எழுத்தில் எழுதிப் பதிவும் செய்திருந்தால் அது செல்லும். இங்கிலாந்தில் அதற்கென்று முறைப்படி எழுதிய பத்திரம் வேண்டும். ஜெர்மன் சிவில் சட்டம் 518ஆம் பிரிவில், கொடை வாக்குறுதியை நோட்டரி முன் எழுத வேண்டும் என்கிறது. பிரான்சும் நோட்டரி பத்திரம் கேட்கிறது. நாலு நாட்டிலும் வாய்ச்சொல் மட்டும் போதாது. இரண்டு நாடுகள் கன்சிடரேஷன் என்ற வாசல் வழியாக வந்தன, மற்ற இரண்டும் நோட்டரி வாசல் வழியாக வந்தன, ஆனால் எல்லாரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான். தலைப்பை வைத்து ஒப்பிட்டிருந்தால் இந்த ஒற்றுமை கண்ணிலேயே பட்டிருக்காது.

ஆகவே தாளின் மேலே முதலில் எழுத வேண்டியது நடந்த கதை. யார், என்ன கொடுத்தார், என்ன கெட்டது, இப்போது யார் என்ன கேட்கிறார். சட்டச் சொல் ஒன்றுகூட வேண்டாம்.

2. எந்தச் சட்டம் வரும் என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாவிவிடுபவர்கள்தான் அதிகம். நான் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான்.

ஒரு கதையை வைத்துக்கொள்வோம். திருப்பூர்க் கம்பெனி ஒன்று ஹாம்பர்க் பையருக்கு 12,000 டி-ஷர்ட் அனுப்புகிறது. சரக்கு போய்ச் சேர்ந்து நாலு மாதம் கழித்து ஒரு மெயில் வருகிறது: ‘துவைத்ததும் சுருங்குகிறது. விலையில் பாதியைப் பிடித்துக்கொள்கிறோம்.’ நாலு மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது சொல்லலாமா என்பதுதான் கேள்வி.

ஒப்பந்தத்தில் ‘ஜெர்மன் சட்டம்’ என்று மட்டும் இருந்தால், ஜெர்மன் சிவில் சட்டத்தைத் திறக்கத் தோன்றும். பொறுங்கள். பன்னாட்டுச் சரக்கு விற்பனைக்கென்று 1980இல் வியன்னாவில் ஓர் உடன்படிக்கை உருவாகி, 1988 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. இங்கிலாந்தும் சேரவில்லை. ஜெர்மனியும் பிரான்சும் இத்தாலியும் சேர்ந்திருக்கின்றன. ஒப்பந்தத்துக்கு ஓர் உறுப்பு நாட்டின் சட்டம் பொருந்தும் என்றாகிவிட்டால், அந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாக வியன்னா உடன்படிக்கையும் கூடவே வந்துவிடும். அதன் முதல் விதியே இப்படித்தான் சொல்கிறது. ஆக, இந்தியா சேராவிட்டாலும் ‘ஜெர்மன் சட்டம்’ என்ற வரிக்குப் பொருள் வியன்னா உடன்படிக்கைதான். அது வேண்டாம் என்றால் ‘வியன்னா உடன்படிக்கை நீங்கலாக’ என்று சேர்த்து எழுதியிருக்க வேண்டும். 6ஆம் விதி அதற்கு இடம் தருகிறது.

அமெரிக்கப் பையர் என்றால் கணக்கு வேறு. உறுப்பு நாடாக இருந்தாலும், எதிர்த் தரப்பு உறுப்பினர் அல்லாத நாட்டைச் சேர்ந்தவர் என்றால் இந்த வழியை ஏற்பதில்லை என்று அமெரிக்கா சேரும்போதே அறிவித்துவிட்டது. அதனால் நம் ஆளோடு ‘நியூயார்க் சட்டம்’ என்று எழுதினால் அந்த மாநிலத்தின் வணிகச் சட்டத் தொகுப்பு நேராக வந்து நிற்கும்.

சரி, ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் என்றே எழுதவில்லை, வழக்கு ஹாம்பர்க் கோர்ட்டில் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்று ரோம்-1 ஒழுங்குமுறை இருக்கிறது. 2009 டிசம்பர் 17 முதல் போடப்பட்ட ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தும். சரக்கு விற்பனையில் பொதுவாக விற்பவர் தொழில் நடத்தும் நாட்டின் சட்டம் என்கிறது அது. விற்பவர் இருப்பது திருப்பூரில். அப்போது ஜெர்மன் நீதிபதி நம்முடைய 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். குறை தெரிந்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதில், ஒப்பந்தம் நிறைவேறும் இடத்துச் சட்டத்தையும் அவர் கவனத்தில் கொள்ளலாம். இதைச் சொன்னால் ஏற்றுமதியாளர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

இங்கே இன்னொன்று: எந்தச் சட்டம் என்பதும் எந்த ஊர்க் கோர்ட் என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டுக்கும் ஒப்பந்தத்தில் தனித்தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

3. பதிலைக் கடைசிவரை கொண்டுபோங்கள்

இப்போது அந்த நாலு மாதக் கேள்வியை ஒவ்வொரு சட்டத்திடமும் கேட்கலாம்.

நம் சரக்கு விற்பனைச் சட்டம் 42ஆம் பிரிவு, நியாயமான காலம் கடந்தும் வாங்கியவர் திருப்பி அனுப்பும் பேச்சே எடுக்காமல் சரக்கை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்கிறது. இத்தோடு நிறுத்தினால் ‘பையர் தோற்றார்’ என்று எழுதிவிடுவீர்கள். அடுத்த அடியை வையுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகும் 59ஆம் பிரிவுப்படி நட்டஈடு கேட்கலாம், விலையில் கழித்துக்கொள்ளவும் செய்யலாம். வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது. பையர் இழந்தது சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமையை மட்டும்தான். இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே கதை. வழக்குப் போட ஆறு வருடம் என்பது வேறுபாடு.

ஜெர்மனிக்குப் போங்கள். வியன்னா உடன்படிக்கையை நீக்கியிருந்தால், வணிகர்களுக்கான சட்டத்தொகுப்பின் 377ஆம் பிரிவு வரும். வாங்கிய வணிகர் தாமதமில்லாமல் சோதித்து, குறை தெரிந்தால் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கை அப்படியே ஒப்புக்கொண்டதாகப் பொருள். திருப்பி அனுப்ப முடியாது, விலையைக் குறைக்கவும் முடியாது, நட்டஈடும் போய்விடும். சோதித்தாலும் தெரியாத குறை என்றால், தெரிந்தவுடனே சொல்ல வேண்டும். டி-ஷர்ட் சுருக்கம் அப்படிப்பட்ட குறையா? பெட்டியிலிருந்து நாலு உருப்படியை எடுத்துத் துவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா என்று நம் வக்கீல் கேட்பார். அதுதான் வழக்கின் உயிர்.

வெறும் ‘ஜெர்மன் சட்டம்’ என்று இருந்து வியன்னா உடன்படிக்கை வந்தால், 38, 39ஆம் விதிகள் நியாயமான காலத்துக்குள் சொல்லச் சொல்கின்றன. எப்படியும் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. ஏறத்தாழ ஒரு மாதத்தைத் தொடக்க அளவாக எடுத்துக்கொண்ட ஜெர்மன் தீர்ப்புகள் உண்டு. தாமதித்தவருக்குச் சரியான காரணம் இருந்தால் 44ஆம் விதி விலைக்குறைப்புக்கோ, இழந்த லாபம் நீங்கலான நட்டஈட்டுக்கோ வழி விடுகிறது. விற்றவர் குறையைத் தெரிந்தே மறைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது.

அமெரிக்கத் தொகுப்பிலும், நியாயமான காலத்துக்குள் தகவல் சொல்லாத பையருக்கு எந்தப் பரிகாரமும் இல்லை.

இதையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் என் பழைய தவறு எனக்கு உறைத்தது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கம்பெனி முதலாளிக்காக ஜெர்மன் சட்டம் என்ற வரியை அடிக்கச் சொல்லி, இந்தியச் சட்டம் என்று மாற்றி வாங்கினேன். ‘ஏனுங் சார், நம்மூர்ச் சட்டம்னா நமக்குத்தானுங்களே நல்லது?’ என்று அவர் கேட்டார். நானும் ஆமாம் என்றேன். அடுத்த சீசனில் ஷேட் வேரியேஷன், அதாவது நிறம் ஒன்றுபோல் இல்லை என்று ஐந்து மாதம் கழித்துப் புகார் வந்தது. பழைய வரியே இருந்திருந்தால், இவ்வளவு தாமதமாகச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை என்று வாதாட நல்ல இடம் இருந்திருக்கும். நான் மாற்றி வாங்கிய சட்டத்தில் அந்த வாதம் பாதிதான் நின்றது. பையர் அடுத்த பில்லில் பிடித்துக்கொண்டார், நாங்கள் டெபிட் நோட்டை ஏற்க வேண்டியதாயிற்று. அந்த முதலாளி ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் பல நாள் மனசு கேட்கவில்லை.

விற்பவருக்கு எந்தச் சட்டம் நல்லது, வாங்குபவருக்கு எது நல்லது என்பது கேள்விக்குக் கேள்வி மாறும். பணம் தாமதமானால் ஒரு பதில், சரக்கு கெட்டால் இன்னொரு பதில். ஒரே வார்த்தையில் ‘நம் சட்டம் நல்லது’ என்று யார் சொன்னாலும், எந்தக் கேள்விக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

4. பக்கத்து அறையிலும் தேடுங்கள்

377ஆம் பிரிவு ஜெர்மன் சிவில் சட்டத்தில் இல்லை, வணிகர் சட்டத்தில் இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? விற்பனை அத்தியாயத்தை மட்டும் படித்தவருக்கு அது கிடைத்திருக்காது. இது அடிக்கடி நடக்கும்.

தாமத அபராதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்மென்ட் ஒரு வாரம் தள்ளினால் ஐந்து சதவீதம் டிஸ்கவுன்ட் என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவில், எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமானதைக் கோர்ட் தரும். பிரான்சில் சிவில் சட்டத்தின் 1231-5ஆம் பிரிவுப்படி, அளவுக்கு மீறியிருந்தால் நீதிபதி தானாகவே குறைக்கலாம், மிகச் சொற்பமாக இருந்தால் கூட்டவும் செய்யலாம். ஜெர்மன் சிவில் சட்டம் 343ஆம் பிரிவும் குறைக்கலாம் என்கிறது. அதைப் படித்து நிம்மதி அடைந்தால் ஏமாந்தீர்கள். வணிகர் சட்டம் 348ஆம் பிரிவு, வணிகர் தன் தொழிலில் ஒப்புக்கொண்ட அபராதத்துக்கு அந்தச் சலுகை இல்லை என்கிறது. அச்சடித்த பொது நிபந்தனையில் அந்த வரி இருந்தால், பொது நிபந்தனைகளை நீதிமன்றம் சோதிக்கும் வேறொரு வழி அங்கே உண்டு. வியன்னா உடன்படிக்கை அபராத ஷரத்து செல்லுமா என்ற பேச்சுக்கே போவதில்லை. அது உள்நாட்டுச் சட்டத்திடம் போய்விடும்.

இங்கிலாந்து என்றால் சட்டப் புத்தகத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே இது தீர்ப்புகளில் இருக்கிறது. 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, காக்க வேண்டிய நியாயமான நலன் ஒன்று இருந்து, தொகை அதற்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு மிஞ்சாமல் இருந்தால் ஷரத்து செல்லும். மிஞ்சினால் ஷரத்தே போய்விடும். நம்முடைய மாதிரிக் கழித்துத் தருவது அங்கே இல்லை.

5. நமக்குத் தெரிந்த சொல்லைச் சந்தேகியுங்கள்

தாய்மாமன் கதையில் நோட்டரி என்று சொன்னேன். நம் கோர்ட் வளாகத்தில் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தருபவரை நினைத்துக்கொண்டால் ஒப்பீடே தவறிவிடும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் நோட்டரி என்பவர் தனியாகப் பயிற்சி பெற்றுப் பொதுப் பதவி வகிப்பவர். பத்திரத்தை அவரே வரைவார், அதன் விளைவை இரு தரப்புக்கும் விளக்குவார், அதை மூலப்பதிவாகப் பாதுகாப்பார். நம் ஊரில் பத்திர எழுத்தர், வக்கீல், சார்பதிவாளர் மூவரும் செய்யும் வேலையில் பெரும்பகுதி அந்த ஒருவரிடம் இருக்கிறது.

நிலம் பற்றி ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். நாம் ‘ரிஜிஸ்டர் ஆகிவிட்டது’ என்கிறோம். இங்கே பதிவாவது பத்திரம். விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்குப் பதிவு உத்தரவாதம் தராது. அதனால்தான் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று முப்பது வருடம் பின்னால் போகிறோம். ஜெர்மன் நிலப்பதிவேட்டில் உரிமையே பதிவாகிறது. அதை நம்பி நல்லெண்ணத்தோடு வாங்கியவரைச் சட்டம் காக்கிறது. பதிவு என்ற சொல் இரண்டு ஊரிலும் இருக்கிறது, ஆனால் அது செய்யும் வேலை ஒன்றல்ல.

6. ஏன் இப்படி என்று கேளுங்கள்

இதற்குத் தமிழர்களாகிய நமக்கு வீட்டுப் பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணையின்கீழ் தங்கள் மதவழிச் சொந்தச் சட்டத்தைத் துறந்தவர்களின் வழிவந்தவர்களுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்துகிறது. இலங்கையில் ஒப்பந்தத்துக்கு அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். அங்கே கன்சிடரேஷன் தேவையில்லை. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் நம் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. யார் ஆண்டார்கள் என்பது சட்டத்தில் தெரியும்.

ஆட்சி வரலாறு மட்டுமே முழுக் காரணம் ஆகாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். நொய்யலின் நிலைமைக்கு அது வந்தே தீர வேண்டிய உத்தரவு. ஆனால் கையில் ஆர்டர் வைத்திருந்தவர்கள் துணியை வெளி மாநிலங்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டார்கள், செலவு எகிறியது. விலை ஏறிவிட்டது என்று ஒப்பந்தத்தை மாற்றக் கேட்க முடியுமா?

நம் ஒப்பந்தச் சட்டம் 56ஆம் பிரிவு, செய்யவே முடியாமல் போனால் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்கிறது. செலவு கூடியது மட்டும் போதாது என்பது உச்ச நீதிமன்றத்தின் பழைய நிலை. விலையை மாற்றி எழுதித் தரும் வேலையை அந்தப் பிரிவு செய்யாது. ஜெர்மன் சிவில் சட்டம் 313ஆம் பிரிவு, ஒப்பந்தத்தின் அடித்தளமே பெயர்ந்துவிட்டால் அதைச் சரிசெய்து கேட்க இடம் தருகிறது.

பிரான்சின் கதை நம் பக்கத்து விவசாயிகளுக்குச் சட்டென்று புரியும். க்ராபோன் என்ற பாசன வாய்க்காலுக்கு 16ஆம் நூற்றாண்டில் தண்ணீர்க் கட்டணம் பேசி எழுதினார்கள். முந்நூறு வருடம் கழித்து அந்தக் காசில் வாய்க்காலைத் தூர்வாரக்கூட முடியவில்லை. கீழ்க் கோர்ட்டுகள் கட்டணத்தை உயர்த்தின. 1876இல் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: எவ்வளவு காலம் ஆனாலும் எழுதியதை நீதிபதி மாற்றக் கூடாது. காலிங்கராயன் வாய்க்காலில் மடை வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், இரண்டு பக்க நியாயத்தையும் அவரே எடுத்து வைப்பார். பேசிய வார்த்தையை நம்பித்தான் தோட்டம் வைத்தோம் என்பது ஒன்று. பராமரிக்க முடியாவிட்டால் தண்ணீரே வராதே என்பது மற்றொன்று. பிரான்ஸ் நூற்று நாற்பது வருடம் முதல் நியாயத்தில் நின்று, 2016இல்தான் 1195ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. எதிர்பாராத மாற்றத்தால் சுமை அளவுக்கு மீறினால் முதலில் மறுபேச்சு, முடியாவிட்டால் நீதிபதி.

எந்தச் சட்டம் முன்னேறியது, எது பின்தங்கியது என்று மார்க் போடும் ஆசை இந்த இடத்தில்தான் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மாற்ற முடியாத ஒப்பந்தம் என்று தெரிந்தால், எழுதும்போதே விலை மாற்ற ஷரத்தைப் பேசி வாங்குவார்கள். அந்த வழக்கமும் அந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான்.

7. தாளில் இறக்குங்கள்

நீளமான தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் சிக்கல், மேலே நாடுகள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விடை வேண்டும்: யார் பக்கம், எத்தனை நாளுக்குள், எவ்வளவு பணம். ‘நல்லெண்ணக் கொள்கை பொருந்தும்’ போன்ற வாக்கியம் கட்டத்தில் இருந்தால் அந்தக் கட்டம் இன்னும் நிரம்பவில்லை.

கீழே இன்னொரு வரி: தீர்ப்பு வந்தால் பணமாகுமா? இங்கிலாந்து உயர் நீதிமன்றத் தீர்ப்பை நம் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்கீழ் இங்கே நேராக நிறைவேற்றலாம். ஜெர்மனி அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே வாங்கிய தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். நடுவர் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பு என்றால் 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை உதவும்.

மூலத்தைத் தேடப் பணம் செலவழிக்க வேண்டாம். ஜெர்மன் சட்டங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை அந்நாட்டு நீதித்துறை அமைச்சகமே இணையத்தில் வைத்திருக்கிறது. பிரெஞ்சுச் சட்டத்துக்கு லெஜிஃபிரான்ஸ் தளம். வியன்னா உடன்படிக்கைத் தீர்ப்புகளின் சுருக்கங்களை ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் இலவசமாகத் தருகிறது. படித்து முடித்தபின், பெரிய தொகை என்றால் அந்த நாட்டு வக்கீல் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் தாளை நிரப்பி வைத்திருந்தால் அவரிடம் கேட்க வேண்டியது இரண்டு மூன்று கேள்விதான் மிஞ்சும். செலவும் அந்த அளவில் நிற்கும்.

தாளின் மேல் மூலையில் இரண்டு தேதி எழுதுங்கள்: ஒப்பந்தம் போட்ட தேதி, நீங்கள் சட்டத்தைப் பார்த்த தேதி. ஜெர்மனி 2002இல் கடப்பாட்டுச் சட்டத்தைப் பெரிதாகத் திருத்தியது. பிரான்சின் 1195ஆம் பிரிவு 2016 அக்டோபர் 1 முதல் போட்ட ஒப்பந்தங்களுக்குத்தான். பழைய ஒப்பந்தம் ஒன்று மேஜைக்கு வந்தால், மற்றதையெல்லாம் படிக்குமுன் அதன் தேதியைப் பாருங்கள்.